தர்கு ஜியுவின் முடிவிலாத் தூண்

ருமேனியாவின் ஓல்டேனியா வட்டாரத்தில் உள்ள தர்கு ஜியு நகரில், 1916 அக்டோபரில் ஜெர்மானியப் படையை எதிர்த்து மாண்டவர்களுக்கு நினைவிடம் எழுப்ப கோர்ஜ் மாவட்ட மகளிர் சங்கம் முனைந்தது. அருகிலுள்ள ஹோபிட்சா கிராமத்தில் பிறந்து பாரிஸில் புகழ்பெற்ற சிற்பி பிரான்குசி, கூலி பெறாமல் அதைச் செய்துகொடுத்தார். 1938இல் அது திறக்கப்பட்டது.

வீரர் உருவமோ துப்பாக்கியோ இதில் இல்லை. ஆற்றங்கரையில் 12 இருக்கைகள் சூழ்ந்த வட்டக் கல்மேசை. பூங்கா நுழைவில் முத்த வாயில். நகரின் மறுகோடியில் ஏறத்தாழ 30 மீட்டர் உயர வார்ப்பிரும்புத் தூண். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் அதன் சாய்சதுரக் கட்டிகளில், ஓல்டேனியக் கிராம வீடுகளின் செதுக்கிய மரத்தூண்களைக் காணலாம். ஊர்த் தச்சரின் கைவேலை நவீனச் சிற்பத்தில் இவ்வளவு உயர்ந்து நின்றது வேறெங்கும் அரிது. 1950களில் கம்யூனிச அதிகாரிகள் தூணைச் சாய்க்க முயன்று தோற்றனர். 2024இல் இந்த நினைவிடம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.