பலாங்கொடை மனிதனும் என்பின் வலிமையும்

சப்பிரகமுவ மாகாணத்திலே தேயிலை மலைகள் சூழ அமைந்த பலாங்கொடையின் பெயர், மானிடவியல் அறிஞரிடையே உலகெங்கும் வழங்குவது. அப்பெயரை அவர்களிடம் கொண்டு சேர்த்தது தேயிலையன்று. மண்ணுள் உறங்கிய மனித என்புகளே.

இலங்கை நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் வாழ்ந்த வேட்டுவ மக்களுக்குப் ‘பலாங்கொடை மனிதன்’ எனப் பெயரிட்டார். 1956ஆம் ஆண்டு தொடக்கம் பெல்லன்பந்தி பலஸ்ஸவில் அவர் நடத்திய அகழ்வில் பல எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குருவிற்றையை அடுத்த பட்டதொம்பலெனக் குகையிலும், கித்துல்கலைப் பெலிலெனவிலும் பின்னர் மேலும் சான்றுகள் கிடைத்தன. தடித்த மண்டையோடு, புடைத்த புருவமேடு, உறுதியான தாடை ஆகியவை அம்மக்களின் அடையாளங்கள். ஆடவர் ஏறத்தாழ 174 சென்ரிமீற்றர் உயரமுடையோர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இத்தகைய திண்மை பிறப்பால் மட்டும் வருவதன்று. என்பு தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்துக் கொள்கிறது என்னும் விதியை 1892இல் ஜேர்மன் வைத்தியர் யூலியசு வூல்ஃப் நூலாக வெளியிட்டார். என்பு கல்லன்று, உயிருள்ள இழையம். ஒருவகை உயிரணுக்கள் பழையதை அரித்தெடுக்க, வேறொருவகை புதியதைக் கட்டுகின்றன. வேட்டையாடியும் காடுமேடு அலைந்தும் வாழ்ந்தோரின் மூட்டருகே உள்ள என்பு, பிற்கால மாந்தரின் என்பைவிட அடர்த்தியானது என 2014இல் வெளியான ஆய்வுகளும் காட்டின.

அவ்வாறாயின், கொழுந்துச் சுமையுடன் நாள்தோறும் மலையேறி இறங்கும் தோட்டப் பெண்ணின் என்பும் இரும்பாக வேண்டுமன்றோ? அங்கேதான் இடர் உளது. உழைப்பு என்பைக் கட்டத் தூண்டும். ஆயின் கட்டுதற்குரிய பொருள் ஊணிலிருந்தே வரவேண்டும். கல்சியமும் புரதமும் குறைந்த உணவுண்டு, பிள்ளைகள் பலரைப் பெற்று வளர்த்த உடலுக்குச் சுமை மட்டும் போதாது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் என்பு விரைந்து நலிவதை, அமெரிக்க அறிஞர் புல்லர் ஓல்பிறைற் 1940ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார்.

இந்நலிவு முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையின்போது பெருந்தடையாகும். 1911இல் நியூயோர்க் நகரில் ஹிப்சு, அல்பீ என்னும் இரு வைத்தியர்கள் முள்ளென்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையைத் தனித்தனியே கண்டனர். 1963 முதல் பிரான்சிய வைத்தியர் ருவா கமீல் திருகாணி செலுத்திப் பொருத்தும் வழியை வளர்த்தார். நொய்ந்த மரத்தில் ஆணி நில்லாதவாறு, நொய்ந்த என்பில் திருகாணியும் தளரும்.

ஆகவே, சத்திரசிகிச்சைக்கு முன்னரே என்பை வலுப்படுத்தல் வேண்டும் என்பது இன்றைய வைத்தியர் கொள்கை. என்பின் அடர்த்தியை அளக்கும் ஊடுகதிர்க் கருவி 1980களின் பிற்பகுதியிற் பரவியது. என்பு நொய்மையை அவ்வளவால் வரையறுக்கும் எல்லையை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. குறைபாடு தெரிந்தால் கல்சியமும் உயிர்ச்சத்து ‘டி’யும் முதலில் ஈடுசெய்யப்படும், புகைத்தல் நிறுத்தப்படும். புது என்பைக் கட்டத் தூண்டும் ரெறிபராரைட்டு ஊசிமருந்து 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்கிய பெண்களிடம் திருகாணி தளர்வது குறைந்ததென ஜப்பானிய வைத்தியர் 2013இல் அறிவித்தனர்.

இதற்குச் சில மாதங்கள் செல்லும். வலியால் வாடுவோருக்கு அக்காத்திருப்பு நெடிதாகத் தோன்றும். எனினும் அது வீண்காலமன்று. ஆயினும் கால்கள் திடீரெனச் சோர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடிழந்தாலோ காத்திருத்தல் ஆகாது. உடனே வைத்தியசாலையை நாடவேண்டும்.

இனி, நோய் வந்தபின் மட்டும் என்பை எண்ணுவது முறையோ? முப்பது வயதளவில் என்பு தன் உச்சத் திண்மையை எய்தும். அதன்முன் சேமிப்பதே முதுமைக்கு முதல். குரக்கனும், எள்ளும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும், பாலும், இளவெயிலும் தோட்டத்துச் சிறுமியருக்குக் கிட்டுமாயின், அவர்களே நாளைய பலாங்கொடையின் உறுதிமிக்க மாந்தர் ஆவர்.