பழைய வீட்டு அடுப்படி: கையில் உள்ள பணத்துக்குள் சீரமைப்பது எப்படி?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் ஐம்பது, அறுபது வருடங்களைத் தாண்டிய வீடுகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. முற்றம், தாழ்வாரம், கனத்த சுவர், பின்கட்டில் அடுப்படி, அதையும் தாண்டிக் கிணற்றடி. கூடத்துக்குப் புதுத் தரை வந்துவிட்டது, அறைக்கு ஏ.சி. வந்துவிட்டது. ஆனால் அடுப்படி மட்டும் பல வீடுகளில் விறகடுப்புக் காலத்திலேயே நின்றுவிட்டது. வளைகுடாவிலிருந்து மகன் விடுமுறையில் வரும்போதோ, வீட்டில் ஒரு நிக்காஹ் நிச்சயமாகும்போதோதான் "இந்த அடுப்படியை மாற்றிவிடலாமே" என்ற பேச்சு எழும். மறுநாளே மாடுலர் கிச்சன்காரர் டேப்புடன் வந்து நிற்பார்.

அவரை வரச் சொல்வதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். பழைய அடுப்படியில் பணம் முதலில் போக வேண்டியது காற்றோட்டம், கழிவுநீர், தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகிய நான்குக்கும்தான். இவற்றில் குறை வைத்துவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டினால், பிறகு டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அலமாரிக் கதவை அடுத்த வருடம்கூடப் போட்டுக்கொள்ளலாம். எதையும் உடைக்க வேண்டியதில்லை.

கூரையும் சுவரும்

பழைய அடுப்படியின் கூரை பெரும்பாலும் நாட்டு ஓடாகவோ, மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிக் காரை போட்ட 'மெட்ராஸ் டெரஸ்' மச்சாகவோ இருக்கும். கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் முதலில் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். உள்ளே மெத்தென்று போனால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுக் கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒழுகும் கூரையின் கீழ் செய்யும் எந்தச் செலவும் மழையோடு போய்விடும்.

சுவர் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்; உப்புப் பூத்துப் பொரிந்து விழும். கடற்காற்றுள்ள ஊர்களில் இதைச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், டைல்ஸை மேடைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு மட்டும் ஒட்டி, மீதிச் சுவருக்கு வெள்ளையடித்து விடுங்கள். எண்ணெய் தெறிப்பது அந்த இரண்டடிக்குள்தான். கூரைவரை டைல்ஸ் என்பது கடைக்காரருக்குத்தான் லாபம்.

விறகுப் புகை படிந்த சுவரில் நேரடியாகப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் கறுப்பு மேலே கசிந்து வரும். கரியைச் சுரண்டி, தேவைப்பட்டால் பழைய பூச்சையே உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

இடம் பெரிதாகட்டும் என்று நடுச்சுவரை இடிப்பதை மட்டும் கொத்தனார் சொல்லை நம்பிச் செய்யாதீர்கள். பழைய வீட்டில் ஏறக்குறைய எல்லாச் சுவருமே பாரம் தாங்கும் சுவர்தான். இடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு பொறியாளர் நேரில் பார்க்கட்டும். அதற்குக் கொடுக்கும் தொகை வீண் அல்ல.

காற்றும் கேஸும்

ஓட்டுக் கூரையின் இடுக்குகளும் புகைக்கூண்டும் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. அடுப்படியின் சூடும் ஆவியும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. புதுப்பிக்கிறோம் என்று கூண்டை அடைத்து, ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுவிட்டால் அந்த இடம் அடுப்புக்குள் இருக்கும் அடுப்பாகிவிடும். கூண்டு இருந்தால் சுத்தம் செய்து, மழை இறங்காமல் மூடி போட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் வென்டிலேட்டர் துளையில் ஒன்பது அல்லது பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தலாம். ஒன்றரையடிச் சுவரைப் புதிதாகத் துளைக்கும் செலவு மிச்சம். ஃபேன் இழுக்கும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டும். கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஃபேன் போட்டால் அது சுற்றும், புகை போகாது. நாம் தாளித்து, பொரித்துச் சமைக்கும் அளவுக்கு எலெக்ட்ரிக் சிம்னி தேவைப்படலாம். ஆனால் அதன் குழாய் வெளியே போய்ச் சேர வேண்டும். வாசனையை மட்டும் வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும் வகையை வாங்காதீர்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். எனவே கூரையருகே வென்டிலேட்டர் இருப்பது மட்டும் போதாது, தரையை ஒட்டியும் காற்று வெளியேறும் துளை வேண்டும். மேடைக்கடியில் சிலிண்டரை வைத்து அழகுக்காகக் கதவு போடுகிறவர்கள், கதவின் கீழ்ப்பகுதியில் கட்டாயம் துளைகள் விட வேண்டும். கதவே இல்லாமல் விட்டாலும் நல்லதுதான். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் டியூப் 'சுரக்ஷா' வகையாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், ஐந்து வருடத்துக்குள் மாற்றப்படுவதாக இருக்கட்டும். சுவருக்குள் டியூபை நுழைத்து அடுத்த பக்கம் எடுப்பது பல வீடுகளில் காணும் ஆபத்து. சிலிண்டரை வெளியே வைக்க விரும்பினால் ஏஜென்சி மூலம் முறையாக உலோகக் குழாய் இழுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜும் ஸ்விட்ச் போர்டும் சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம். அடுப்பை ஜன்னலுக்கு நேராக வைத்தால் காற்றில் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். கேஸ் கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906. அதைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

பெருநாள் பிரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் பெரிய தேக்சா ஏற்றுகிற வீடுகள், அதற்காக உள்ளே இருக்கும் மேடையைப் பெரிதாக்க வேண்டாம். பின்புறத்தில் மேலே தகரம் போட்டு, காற்றோட்டமான ஒரு தாழ்வான அடுப்பிடம் போதும். வருடத்தில் சில நாள் தேவைக்காக வருடம் முழுவதும் இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தண்ணீரும் கழிவும்

பழைய இரும்புக் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருவேறி, துளை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவைக்காமல் அடுப்படிவரை வரும் வரியை முழுவதுமாகப் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுங்கள். சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியே கிளிப் அடித்துக் கொண்டுபோவதே பழைய வீட்டுக்கு ஏற்றது. சுண்ணாம்புச் சுவர் கட்டிங் மெஷினின் அதிர்வைத் தாங்காது, கசிவு வந்தாலும் கண்ணில் படும், கூலியும் குறையும்.

சிங்க் கழிவுக்கு இரண்டங்குலத்துக்குக் குறைந்த குழாய் வேண்டாம். பத்தடி நீளத்துக்கு மூன்றங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்து, மூடுவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு வரும் இடத்தில் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி, சிங்கின் கீழே தண்ணீர் தேங்கும் டிராப் இரண்டும் அவசியம். டிராப் இல்லாவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேரே மேலே வரும்.

எவ்வளவு பெரிய சிங்க் வாங்கினாலும் சஹன் அதில் படுக்காது. கிணற்றடிப் பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி ஏற்கெனவே இருந்தால் அதை இடிக்காதீர்கள். தரையை வழுக்காத கல்லாக மாற்றி, ஒரு குழாயும் விளக்கும் கொடுத்தால் போதும். உள்ளே நடுத்தர அளவு, ஆழமான ஸ்டீல் சிங்க். உப்புக் காற்றில் துரு பிடிக்காமல் இருக்க 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம்

இரண்டு துளை பிளக், பீங்கான் ஃபியூஸ், எர்த் கம்பியே இல்லாத வரி – இவை மூன்றும் இன்னும் பல அடுப்படிகளில் உண்டு. ஒரு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் இழுத்த கம்பியில் இன்று ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் எல்லாம் தொங்குகின்றன. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டினால் கம்பி சூடேறும். மெயின் போர்டிலிருந்து அடுப்படிக்குத் தனி வரி, எர்த்துடன் கூடிய இரண்டு மூன்று 16 ஆம்பியர் பிளக், அவற்றுக்குத் தனி எம்.சி.பி., முழு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. – இது குறைந்தபட்சம். ஈரக் கையுடன் நிற்கும் இடத்தில் உயிரைக் காப்பது இந்த ஆர்.சி.சி.பி.தான். எலக்ட்ரீஷியன் "பிறகு பார்க்கலாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கம்பிகளும் சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டைக்குள் போகலாம். பார்வைக்குச் சற்றுக் குறைதான், செலவு பாதி மிச்சம்.

மேடையின் உயரத்தை யார் சொல்வது?

பணம் அனுப்புகிறவர் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் தேர்வு செய்வார். சமைக்கிறவர் இங்கே இருப்பார். மேடை உயரம் எவ்வளவு என்று உம்மாவிடமோ ராத்தாவிடமோ கேட்கிற வீடு குறைவு. கடைக்காரர் வழக்கமாக 34, 36 அங்குலம் என்று எழுதிவிடுவார். அதன்மேல் கேஸ் அடுப்பு வேறு நான்கைந்து அங்குலம் உயர்த்தும். ஐந்தடி உயரமுள்ள பெண் பெரிய சட்டியில் கிண்டும்போது தோளைத் தூக்கியே நிற்க வேண்டிவரும். வருடக்கணக்கில் அது கழுத்து வலியாக மாறும்.

அளவெடுப்பது எளிது. அதிகம் சமைக்கிறவர் செருப்பில்லாமல் நிற்கட்டும். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அளவெடுங்கள். அதிலிருந்து நான்கைந்து அங்குலம் கழித்தால் காய் நறுக்கும் மேடை. அடுப்பு வைக்கும் பகுதியை அதைவிட நான்கங்குலம் தாழ்த்தலாம். கொத்தனார் முகம் சுளிப்பார். செலவு ஒன்றும் கூடாது. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிப் பழகிய பெரியவர் வீட்டில் இருந்தால் அவருக்கான மூலையையும் விட்டுவைக்க வேண்டும்.

மேடைக்குக் கடப்பா மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துத் தழும்பு விழும். மேலே கிரானைட், கீழே தாங்கும் கால்களுக்கும் தட்டுகளுக்கும் கடப்பா என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் அதனதன் வேலையைச் செய்யும். பழைய சிவப்புக் காவித் தரை விரிசல் இல்லாமல் இருந்தால் அதை உடைக்காதீர்கள். மெருகேற்றினாலே போதும்.

கதவுகளை உண்மையாகவே கடைசிக்கு வையுங்கள். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் தண்ணீர் பட்டால் ஊதும். சிங்க் கீழே அவை ஆகவே ஆகாது. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகையைக் கேளுங்கள். அலுமினியச் சட்டத்தில் பி.வி.சி. பலகை போட்ட கதவு அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது, ஆனால் கடலோர வீட்டில் உழைக்கும். வீட்டில் கழற்றிப் போட்ட பழைய தேக்குக் கதவு கிடந்தால் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேல் அலமாரிகளை உதிரும் காரைச் சுவரில் ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிட வேண்டாம். தரையிலிருந்து நிற்கும் அலமாரியே பாதுகாப்பு.

பணமும் பங்கும்

கையில் உள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மீதிக்குத் திட்டம் போடுங்கள். பழைய வீட்டைத் திறந்தால் எதிர்பாராத ஒன்று வந்தே தீரும். மீதி போதவில்லையென்றால் வட்டிக்குத் தவணை எடுப்பதைவிட வேலையை இரண்டாகப் பிரிக்கலாம்: கூரை, கழிவு, குழாய், மின்சாரம், மேடை இந்த வருடம், கதவு, மேல் அலமாரி, சிம்னி அடுத்த விடுமுறையில். இடைப்பட்ட காலத்துக்கு மேடைக்கடியில் ஒரு துணித் திரை போதும்.

இன்னொன்று கூச்சத்தால் பேசப்படாதது. வாப்பா மறைந்து பாகம் பிரிக்காத வீடாக இருந்தால், அதில் எல்லா வாரிசுகளுக்கும் அப்போதே பங்கு உண்டு. ஒருவர் லட்சக்கணக்கில் செலவு செய்தால் அது அன்பளிப்பா, பிறகு கணக்கில் கழிக்க வேண்டியதா என்பதை வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரும் அறிய எழுதிக்கொள்ளுங்கள். வீடு பெண் மக்களுக்குப் போகும் வழக்கமுள்ள ஊர்களில் இது இன்னும் அவசியம்.

வேலையை ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் கொண்டுபோகாதீர்கள். ரமளானுக்கு இரண்டு மாதம் முன்பே முடியும்படித் தொடங்குங்கள். சொன்ன நாளில் முடித்துக் கொடுக்கும் கொத்தனார் அபூர்வம். கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள், கடைசித் தவணையைக் கைவசம் வைத்திருங்கள்.

அந்தத் தவணையைக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரச் சோதனை இருக்கிறது. சிங்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே எல்லா இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஊதுபத்திப் புகை அதை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனை முடிந்து ஊதுபத்தியை அணைத்த பிறகு, கேஸ் டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தரைக்கடியில் போன குழாய்களை மூடும் முன் எடுத்த படங்களை ஒன்றுக்கு இரண்டு பேர் போனில் வைத்திருங்கள்.