ஈர்வாளிலிருந்து வட்டவாளுக்கு: தச்சுப் பட்டறையில் ஒரு பத்து விரல் எல்லை

திருவனந்தபுரம் கோட்டைக்குள் நிற்கும் குதிரைமாளிகையின் மேல்தளத்தில் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சுவாதித் திருநாள் ஆண்ட காலத்தில் (1829–1846) எழுந்த அம்மாளிகையைக் காண்போர் உளியையே வியக்கின்றனர். அவ்வுளி படுவதற்கு முன் தடியைச் சட்டமாகவும் பலகையாகவும் பிளந்து கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுவோர் அரிது. மரவேலையின் வரலாற்றில் அறுப்பு என்பது அடுக்களைப் பணி போன்றது. பந்தியில் இருப்போர் கண்ணில் படாது.

அறுப்புக்காரர் தச்சரினின்றும் வேறான தொழிலாளர். தடியை உயர்ந்த சாரத்தின் மேலோ குழியின் குறுக்கோ ஏற்றி, நூலடித்துக் கோடிட்டு, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட வாளை இழுப்பர். கோட்டைக் காப்பவர் மேலே நிற்பவர். கீழே நிற்பவர்க்கு உரியது கண்ணில் விழும் மரத்தூள்.

இவ்வேலையின் இயல்பை மொழி நன்கு காத்து வைத்திருக்கிறது. தமிழில் 'ஈர்' என்பதற்கு இழுத்தல் என்றும் அறுத்தல் என்றும் பொருளுண்டு. இரண்டும் ஒரே வேரினவா என்னும் வாதத்துக்குள் புகாமலேயே, அறுப்பவரின் கையில் அவை ஒரே செயலாக இருந்ததைக் காணலாம். மலையாளத்தில் ஈர்ச்சவாள், அறக்கவாள் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மர ஆலையும் அங்கே 'ஈர்ச்சமில்' ஆயிற்று. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'ரம்பம்' முன்னுக்கு வந்துவிட, வெட்டும் படைக்கலத்துக்கும் அறுக்கும் கருவிக்கும் பொதுவான 'வாள்' என்னும் பழைய பெயர் மலையாளத்திலும் ஈழத்தமிழிலும் நிலைத்து நிற்கிறது.

வட்டவாள் இவ்வினையையே தலைகீழாக்கியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777இல் பெற்ற காப்புரிமையில் வட்டவாள் இடம்பெறுகிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கப்பிகள் செய்யும் பணியில் நீராவி எந்திரம் அத்தகைய வாள்களைச் சுழற்றியது. திருவிதாங்கூரில் 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் மின்விசை பரவலாயிற்று. மோட்டார் பட்டறைக்குள் வரும் வழி திறந்தது. கைவாளில் மரம் கிடக்கும், வாள் நகரும். மேசை வட்டவாளில் வாள் நின்ற இடத்திலேயே சுழலும், மரம் நகரும். ஈர்ப்பு தள்ளலாயிற்று. கோட்டைக் காத்த மேலாளின் பொறுப்பு 'கைடு' எனப்படும் வழிகாட்டிச் சட்டத்துக்கு மாறியது.

இந்த மாற்றத்தை உணராதவரே குதிரைத்திறனை மட்டும் கேட்டு எந்திரம் வாங்குகின்றனர். திறன் வேண்டியதுதான், தேக்கையும் ஆஞ்சிலியையும் நீளவாக்கில் கிழிக்க 3 குதிரைத்திறன் மோட்டார் தளராது நிற்கும். ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது மேசையும் கைடும். இன்னொன்று: அமெரிக்க நூல்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கருதி எழுதப்பட்டவை. இங்கே 50 ஹெர்ட்ஸில் இருமுனை மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொடாது. வாளை 4,000 சுற்றுக்குக் கொண்டுசெல்லக் கப்பியின் அளவை மாற்றியாக வேண்டும். அவ்வேகத்தில் 10 அங்குல வாளின் பல்நுனி நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர் ஓடும்.

அமைக்கும்போது, மேசையிலுள்ள பள்ளக்கோட்டுக்கு வாள் இணையாக நிற்கிறதா என்பதை முதலில் அளக்க வேண்டும். வாளில் ஒரே பல்லைக் குறித்துக்கொண்டு, அதை முன்னும் பின்னும் திருப்பி அளப்பதே சரியான முறை. வெவ்வேறு பற்களை அளந்தால் தகட்டின் கோணல் கணக்கைக் கெடுக்கும். அதன் பின்னரே கைடை அப்பள்ளத்துக்கு இணையாக்க வேண்டும். கைடின் பின்முனை வாளை நோக்கிச் சாய்ந்திருந்தால், மரம் இடையில் நெருக்குண்டு, பின்புறம் மேலெழும் பற்களில் சிக்கி, தள்ளுபவரின் வயிற்றை நோக்கிப் பாயும். கையும் வாள்மேல் இழுபடக்கூடும். வாளுக்குப் பின் நிற்கும் பிளவுத்தகடு இதைத் தடுக்கவே உள்ளது. அதைத் தடை என்று கழற்றி மூலையில் எறியும் வழக்கம் விரல்களை விலையாகக் கேட்கும் வழக்கம். இரப்பர் மரம் போன்று உள்ளிறுக்கம் மிகுந்த மரம் அறுக்கும்போதே தானாக வாளைக் கவ்வும் என்பதால், கேரளப் பட்டறைக்கு அத்தகடு கூடுதலாகவே வேண்டும்.

வாளின் விட்டத்தைத் தேர்வதில் சட்டமும் நுழைகிறது. நிலம்பூரைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடுகள் தொடர்பாகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று இட்ட ஆணை நாடெங்கும் மர ஆலைகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. நடுவணரசு 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உருண்டைத் தடியைக் கையாளாது, முறையாகப் பெற்ற அறுத்த மரத்தையோ ஒட்டுப்பலகையையோ பயன்படுத்தும் பட்டறைகளுக்கு விலக்களித்தன. பட்டைவாளோ 30 செ.மீ.க்கு மேற்பட்ட வட்டவாளோ அங்கே இருத்தலாகாது. கேரளத் தச்சரின் 72 செ.மீ. கோலில் 24 விரல். ஆக இவ்வெல்லை சரியாகப் பத்து விரல்.

10 அங்குல வாள் ஏறத்தாழ 8 செ.மீ. ஆழமே அறுக்கும். வாசல் நிலைக்குரிய 4 அங்குலச் சட்டத்தைப் புரட்டிப் போட்டு இருமுறை அறுத்தாக வேண்டும். ஒரே ஓட்டத்தில் முடிக்கத் தச்சர் 12 அங்குல வாளை நாடுவது இயல்பே. ஆனால் கடைகளில் '12 அங்குலம்' என்ற ஒரே பெயரில் 300 மி.மீ. வாளும் உண்டு, 305 மி.மீ. வாளும் உண்டு.