தேனிய மொழியின் நெடுஞ்சொற்களும் அழுத்தமும்

ஒலிக்கு அறிகுறியாய் அமைந்தது எழுத்து. ஆயினும் ஒலியின் கூறுகள் அனைத்தையும் அது தாங்கி நிற்பதில்லை. தென்மார்க்கு நாட்டில் வழங்கும் தேனிய மொழியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

தேனியர் பல பெயர்ச்சொற்களை இடைவெளியின்றி ஒன்றாக இணைத்தெழுதுவர். 'சிறப்பு மருத்துவர் தொழிற்பணித் திட்டமிடலை நிலைப்படுத்துங் காலம்' என்னும் பொருளை அம்மொழி 51 எழுத்துக்கள் கொண்ட ஒரே சொல்லால் உணர்த்தும். கண்ணுக்கு அது பிளவற்ற கோவை, செவிக்கோ அவ்வாறன்று. பொதுவாக முதலுறுப்பின் உரிய அசை தலையழுத்தம் பெறும். பின்வரும் உறுப்புக்கள் துணையழுத்தமே பெறும். இவ்வேற்றத்தாழ்வு உறுப்புக்களைப் பிரித்துணரத் துணைபுரிகின்றது.

அழுத்தத்தோடு சார்ந்த மற்றொரு கூறு மிடற்றுத் தடையாகும். 'ஹுன்' என இயல்பாக ஒலிப்பின் 'அவள்' என்றும், மிடற்றிற் சிறிது தடுத்து ஒலிப்பின் 'நாய்' என்றும் பொருள்படும். ஞாயிற்றைக் குறிக்கும் 'சோல்' தனித்து நிற்குங்கால் இத்தடையைப் பெறும். 'ஸ்கின்' என்னும் வருமொழியோடு புணர்ந்து 'சோல்ஸ்கின்' (ஞாயிற்றொளி) ஆகுங்கால் நிலைமொழியின் தடை கெடும். தடை கெடுதலே சொல் தொடர்ந்து செல்கின்றது என்பதற்கு அறிகுறியாகின்றது.

இத்தடையை முதன்முதலாக ஆராய்ந்து விளக்கியவர் யென்ஸ் பீடர்சன் ஹொய்ஸ்கோர் (1698–1773) ஆவர். அவர் கோப்பனேகன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தவரல்லர். அங்கு ஏவலாளராகக் கடமையாற்றியவர். 1743 இல் வெளிவந்த தம் நூலில் இத்தடையைச் சிறு விக்கலுக்கு ஒப்பிட்டார். 1747 இல் வெளியிட்ட இலக்கண நூலில் ஒலி வேறுபாடுகளைக் குறியிட்டுக் காட்டினார். அக்குறிகள் பொது வழக்கில் நிலைபெறவில்லை. தேனிய எழுத்து இன்றும் மிடற்றுத் தடையைக் காட்டுவதில்லை.

எனினும் எழுத்து முற்றும் வாளாவிருக்கவில்லை. 'வின்' (மது), 'கிளாஸ்' (கிண்ணம்) என்பன 'வின்கிளாஸ்' எனப் புணரும். 'றோத்வின்' (செம்மது) என்னும் தொடர்மொழி நிலைமொழியாயின், இடையே சகரவொற்றுத் தோன்றி 'றோத்வின்ஸ்கிளாஸ்' என்றாகும். அவ்வொற்றே பெரும்பிரிவு எங்குளதெனக் காட்டும். 1955 இல் நிறுவப்பட்ட தேனிய மொழிக்குழு வெளியிட்டுவரும் எழுத்திலக்கண அகராதியும், வரியிறுதியில் தொடர்மொழியை உறுப்புக்களின் எல்லையிலே பிரித்தெழுதுமாறு விதிக்கின்றது.

ஆகவே, நெடுஞ்சொல்லின் அமைப்பை அறிய ஏடு மட்டும் போதாது. ஒரு மொழியின் நுட்பத்தைக் காண்பதற்கு உயர்பதவி வேண்டுவதன்று, கூர்ந்த செவியே வேண்டும் என்பதனை ஹொய்ஸ்கோரின் பணி உணர்த்தி நிற்கின்றது.