எல்லை கடந்த குலவழி: பன்னாட்டு அறிக்கைகளில் சாதியும் போடிமெட்டு வழிக் குடியேறிய தமிழரும்

நாட்டினுள் நிலவும் பாகுபாட்டை ஓர் அரசு உலக மன்றத்தின்முன் எவ்வாறு எடுத்துரைக்கிறது என்னும் வினா சட்டத்துறையார்க்கே உரியதெனக் கருதப்பட்டு வந்துள்ளது. இந்தியாவைப் பொறுத்தவரை அது பெரிதும் ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்காகவே நடந்துள்ளது. ஆதலின் மொழி ஆய்வாளரும் அதனை நோக்குதல் தகும். இக்கட்டுரை அச்சொல்லின் வரலாற்றைக் கூறி, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி இடுக்கித் தோட்டங்களில் குடியமர்ந்த ஒடுக்கப்பட்ட தமிழரின் நிலையோடு அதனைப் பொருத்திக் காண முயல்கிறது.

எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1965 டிசம்பர் 21ஆம் நாள் ஏற்றது. இந்தியா 1968இல் அதனை உறுதி செய்தது. அதன் ஒன்பதாம் உறுப்பின்படி ஒவ்வோர் அரசும் ஈராண்டுக்கொருமுறை அறிக்கை அளித்தல் வேண்டும். முதல் உறுப்பு, இனம், நிறம், 'டிசென்ட்', தேசிய அல்லது இனக்குழு மூலம் என்பவற்றின் அடிப்படையில் அமையும் பாகுபாட்டை வரையறுக்கிறது. இவற்றுள் 'டிசென்ட்' என்னும் சொல் இந்தியா கொணர்ந்த திருத்தத்தால் இடம்பெற்றது என்பது ஈண்டு நினையத்தக்கது. அதனைக் கொணர்ந்தபோது இந்தியா எதனைக் கருதியது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. கடல்கடந்து வாழ்ந்த இந்தியரையே கருதியது என்பாரும் உளர்; சாதியும் அதனுள் அடங்கும் என்பாரும் உளர்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'வழித்தோன்றல்' என்றால் முன்னோர் தொடர்பு மட்டும் புலப்படும். 'குலவழி' என்றாலோ, 'பிறப்பு' என்றாலோ, சாதி தானே உள்ளே வந்துவிடும். ஆங்கிலத்தில் வாதிடுதற்கு இடமளித்த ஒரு சொல், தமிழில் பெயர்த்த அளவிலேயே வாதம் இழந்து நிற்பதைக் காணலாம்.

1996இல் அளித்த அறிக்கையில் இந்தியா, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பற்றிய தன் கொள்கைகள் முதல் உறுப்பின் எல்லைக்குள் வாரா என்று கூறியது. உடன்படிக்கைக் குழு அதனை ஏற்கவில்லை. அச்சொல் இனத்தை மட்டும் சுட்டுவதன்று என அவ்வாண்டே தெரிவித்தது. 2001இல் டர்பன் மாநாட்டிலும் இதே பூசல் எழுந்தது. 2002இல் குழு வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரை, சாதியையும் அதனையொத்த பிறவிப் படிநிலைகளையும் வெளிப்படையாகவே உட்படுத்திற்று. ஆயினும் 2006இல் அளித்து 2007 பிப்ரவரியில் ஆய்வுக்கு வந்த அறிக்கையிலும் இந்தியாவின் நிலைப்பாடு மாறவில்லை. உறுப்பினர் விரும்பினால் பட்டியல் சாதியினர் பற்றிய செய்திகளைத் தரலாம், ஆனால் அது அறிக்கைக் கடமையாகாது என்பதே அதன் கூற்று.

சாதி வேறு, இனம் வேறு என்னும் வாதம் பொய்யன்று. தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமன்று என்பதை அம்பேத்கரே 1948இல் வெளிவந்த நூலில் நிறுவ முற்பட்டார். அரசமைப்பின் 15ஆம் உறுப்பும் இனத்தையும் சாதியையும் தனித்தனியே கூறுகிறது. ஆனால் உடன்படிக்கையும் இனத்தோடு நிறுத்தாமல் வேறு சொற்களையும் சேர்த்துள்ளதே! அவ்வாதம் அந்த இடத்தில்தான் தளர்கிறது. ஆய்வுக்கு இரு திங்கள் முன்னர், 2006 டிசம்பரில், தலைமையமைச்சர் மன்மோகன் சிங் தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசியிருந்தார். உள்நாட்டு மேடையில் கூறத்தக்கது ஜெனீவாவில் கூறத்தக்கதாக இருக்கவில்லை.

தென்னாப்பிரிக்கா இவ்வரலாற்றில் இடையே வந்ததன்று. அங்குள்ள இந்தியர் நடத்தப்படும் முறை குறித்து 1946இல் ஐக்கிய நாடுகள் அவையில் முறையிட்ட நாடு இந்தியா. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோருள் தமிழர் பலர். அதே நூற்றாண்டில், 1877இல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை பெற்ற பின்னர், கங்காணிகள் வழியே தமிழகத்துச் சிற்றூர்களின் பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள் மேற்கு மலைகளுக்கும் ஏறின. கடல் கடந்தவர்க்காக அரசு உலக மன்றத்தில் வாதிட்டது. மலை கடந்தவரின் பிறப்புவழி எந்த மன்றத்திலும் வழக்காகவில்லை.

மலை கடந்தவர்க்கு நேர்ந்தது வேறு வகைச் சிக்கல். 1950 ஆகஸ்டில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, சாதிகளை மாநிலவாரியாகப் பட்டியலிட்டது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியார் வேறொரு மாநிலத்திற்குப் பெயர்ந்தால் அச்சலுகை உடன் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018இலும் அக்கருத்தை வலியுறுத்தியது. ஆகவே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் மூதாதையர் 1950க்கு முன் வந்தவரா, பின் வந்தவரா என்பதே சாதிச் சான்றிதழின் உயிர்நிலை ஆயிற்று. நிலமும் இல்லாமல், கம்பெனிக்குச் சொந்தமான லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் அதற்கு எவ்வாவணத்தைக் காட்டுவர்?

தனித்தொகுதியான தேவிகுளத்தில் 2021இல் வென்ற ஆ. ராஜாவின் வழக்கு இதற்குத் தக்க சான்று. அவர் கேரளத்தின் பட்டியல் சாதியினராகார் என்று கூறி, கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. மதமாற்றமும் முன்னோர் குடிபெயர்ந்த காலமும் வழக்கின் வினாக்களாயின. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அத்தீர்ப்பை நீக்கி அவர் வெற்றியை உறுதி செய்தது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்க்கே நான்காண்டு வழக்கு தேவைப்பட்டதெனில், கொழுந்து பறிப்பவரின் மகள் கல்வி உதவித்தொகைக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் நிலையை விளக்க வேண்டுவதில்லை.

பாலக்காட்டு எல்லையில் நிலைமை மாறுபட்டது. சக்கிலியர் கேரளப் பட்டியலிலும் உள்ளனர். எனினும் முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில் குடிநீரிலும் தேநீர்க் கடையிலும் தங்களுக்குத் தீண்டாமை காட்டப்படுவதாக அச்சமூகத்தார் கூறிய குற்றச்சாட்டு 2017இல் கேரளம் முழுதும் பேசப்பட்டது. தேவிகுளத்து அலுவலகம் சான்று கேட்டு ஐயுறும் குலவழியை, இங்கே கடைக்காரர் சான்றின்றியே அறிந்திருந்தார் என்பதே அக்குற்றச்சாட்டின் உட்பொருள்.

அரசறிக்கைகளில் இவ்விரு நிலையும் இடம்பெறுவது அரிது. அவை பெரும்பாலும் அரசமைப்பு உறுப்புகள், 1955, 1989ஆம் ஆண்டுச் சட்டங்கள், இட ஒதுக்கீடு, உதவித்தொகை என்னும் வரிசையில் எழுதப்படுவன. பயன்பெற்றோர் கணக்கில், சான்றிதழ் மறுக்கப்பட்டோர் இடம்பெறுதற்கு வழியில்லை. உலகளாவிய காலமுறை மீளாய்வில் சாதி பற்றி விடையளிக்கும் அதே அரசு, இனப்பாகுபாட்டுக் குழுவின்முன் அதனை விலக்குவதும் கருதத்தக்கது. 2007 ஆய்வின்போது மனித உரிமைக் கண்காணிப்பகம் முதலிய அமைப்புகளின் நிழலறிக்கைகளே களச்செய்திகளைக் குழுவுக்கு அளித்தன. அவற்றிலும் சிற்றூர்த் தீண்டாமையே மிகுதி.

2010 சனவரிக்குள் வரவேண்டியிருந்த அடுத்த அறிக்கை உரிய காலத்தில் வரவில்லை. அதனை எழுதுவோர் யாராயினும், 1950 என்னும் ஆண்டைக் காட்டித் தேவிகுளம், பீர்மேடு அலுவலகங்களில் திருப்பப்பட்ட விண்ணப்பங்களின் பதிவேடுகளை முதற்சான்றாகக் கொள்ளலாம்.