சாட்சியும் கரியும் சான்றும்

சாட்சி என்னும் சொல்லைச் ‘சா’ என்றும் ‘ஆட்சி’ என்றும் பிரித்து, சாவின்மேல் கொள்ளும் ஆட்சியே சாட்சி எனப் பொருள் உரைப்பாரும், சான்று என்னும் தமிழ்ச்சொல்லே வடக்கே சென்று சாக்ஷி எனத் திரிந்து மீண்டும் சாட்சியாய்த் தமிழுக்குத் திரும்பியது என வாதிடுவாரும் உளர். இரண்டும் கொள்ளத்தக்கன அல்ல. ‘சா’வும் ‘ஆட்சி’யும் புணர்ந்தால் இடையே வகர உடம்படுமெய் தோன்றிச் ‘சாவாட்சி’ என நிற்குமேயன்றிச் சாட்சி என நில்லாது. சான்று சாக்ஷியாயிற்று என்பார், றகரம் க்ஷகரமாய்த் திரிந்த வேறொரு சொல்லையேனும் காட்டவேண்டும், காட்டியதில்லை.

சாட்சி வடசொல்லே. ‘அக்ஷி’ என்பது கண். கண்ணோடு கூடியவன், கண்முன் நிகழ்ந்ததைக் கண்டவன் என்னும் பொருளில் அமைந்தது சாக்ஷி. நேரிற் கண்டவன் என்னும் பொருளிலேயே பாணினியும் இதற்கு விதி வகுத்தார். தமிழில் இச்சொல் புகுந்த காலத்தை அதன் ஒலியே ஓரளவு காட்டிவிடுகிறது. வடமொழிக் க்ஷகரம் சொல்லின் இடையில் வரும்போது ‘க்க’ ஆகும் என்பது நன்னூலார் வடசொல்லாக்கத்துள் கூறும் விதி. பக்ஷம் பக்கமானதும் லக்ஷம் இலக்கமானதும் அவ்வழியே. பட்சி, இலட்சம், பரீட்சை என ‘ட்ச’ பெற்றவை பிற்கால வரவுகள். பழைய வழியில் வந்திருப்பின் ‘சாக்கி’ என நின்றிருக்கவேண்டிய சொல் சாட்சி என வழங்குவதால், அது பரீட்சையோடும் இலட்சத்தோடும் ஒரு வரிசையில் வைக்கத்தக்கது.

அதற்கு முன்னர்த் தமிழர் சாட்சியை எச்சொல்லால் குறித்தனர் எனின், ‘கரி’ என்பதே விடை. பொய்க்கரி கூறியவன் வந்து தங்கிய மரம் வாடிப்போகும் என்னும் நம்பிக்கையைக் கலித்தொகை 34ஆம் பாட்டு, பிரிவால் வாடும் தலைவியின் அழகுக்கு உவமையாக்குகிறது. தாம் அறிந்ததைப் பொய்த்துரைப்பது சான்றோர்க்கு இயல்பன்று என்னும் கருத்தைச் சொல்லும் குறுந்தொகை 184ஆம் பாட்டில் ‘அறிகரி’ என்னும் தொடர் வருகிறது. அகநானூறு 256ஆம் பாட்டிலும் அத்தொடரே காணப்படுகிறது: கள்ளூரில் ஒரு பெண்ணின் நலம் உண்டு, பின்னர் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தவனைப் பற்றி, அறிந்தாரை வினவி உண்மை தெளிந்த அவையோர், அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீறு பெய்தனர். திருக்குறளிலோ ஐந்தவித்தானது ஆற்றலுக்கு இந்திரன் கரியாகிறான் (25). இரப்பவனுக்கு அவன்பட்ட வறுமைத் துன்பமே கரியாகிறது (1060). இவ்விரண்டாம் குறளில் கண்ட ஆள் என ஒருவரும் இல்லை, பட்ட துன்பமே சாட்சி கூறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் கரி என்றவுடன் நினைவுக்கு வருவது அடுப்புக்கரியும் கரிமருந்துமே ஆகும். வெடியுப்பு முக்கால் பங்கு, எஞ்சியதில் கரித்தூளும் கந்தகமும் எனக் கலந்து ஆக்குவது கரிமருந்து. பட்டாசுத் தொழிலில் எந்தக் கலவைக்கும் ‘மருந்து’ என்பதே பெயர். எரிந்தபின்னும் எஞ்சி நின்று தீயைக் காட்டிக்கொடுப்பதால் கரிக்குச் சாட்சி எனப் பொருள் வந்தது என்று சொல்வது இவ்வட்டாரத்தார் காதுக்கு இனிக்கும். ஆயினும் அது சொல்லாராய்ச்சி ஆகாது. கறுப்பு என்னும் பொருளுடைய கரு என்பதன் வழிவந்த கரி வேறு. சாட்சியாகிய கரி வேறு. முன்னதன் வழக்குகள் அனைத்தும் நிறத்தையும் எரிதலையும் சுற்றியே நிற்க, பின்னதன் பழைய ஆட்சிகளுள் ஒன்றிலேனும் அவற்றின் சாயல் இல்லை. முகத்தில் கரி பூசுதல் என்னும் வழக்கையும் இதற்குத் துணையாக்க இயலாது. அது இழிவைக் குறிப்பது, சாட்சியைக் குறிப்பதன்று.

கரி என்பதன் உட்பொருளை ‘அறிகரி’ என்னும் தொடர் தெளிவாக்குகிறது. வடவர் சாக்ஷி காண்பவன். தமிழர் கரி அறிபவன். சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்ற ஆவணத்தின் இறுதியில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராய்க் கையெழுத்திடும்போது, ‘இப்படி அறிவேன்’ என எழுதித் தம் பெயரைப் பொறிப்பது வழக்கம். ‘கண்டேன்’ என்பது அவர்கள் எழுதிய சொல்லன்று. அறிவேன் என எழுதியவர் நாளை வழக்கு எழுந்தால் அந்நிலத்துக்குத் தம்மையே பிணையாக்கிக்கொண்டவர் ஆகிறார். கண்டவர்க்கு அக்கடப்பாடு இல்லை.

மற்றொரு சொல் சான்று. நிறைதல், போதுமாதல் என்னும் பொருளுடைய சால் என்னும் வினையடியாகச் சான்ற, சான்று, சான்றோன், சால்பு, சான்றாண்மை, மிகுதி குறிக்கும் ‘சால’ ஆகிய யாவும் பிறந்தன. நீர் நிறைக்கும் பெரும் பானைக்கும் கவலையில் இறைக்கும் கலத்துக்கும் சால் என்னும் பெயருண்டு. அதுவும் இவ்வேரோடு சேர்ந்ததாகலாம். நற்குணம் பலவற்றாலும் நிறைந்திருத்தலே சான்றாண்மை எனப் பரிமேலழகர் கொண்டார். அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என ஐந்து தூண்களைச் சால்புக்கு ஊன்றிய வள்ளுவர் (983), அச்சால்பை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக வெற்றியை வைக்கவில்லை. தமக்கு நிகரல்லாதாரிடத்தும் தோல்வியை ஏற்றுக்கொள்ளுதலையே வைத்தார் (986). மேலே காட்டிய இரு குறளிலும் அக்கரிக்குப் பயனிலையாக நிற்பது ‘சாலும்’ என்னும் வினையே என்பது தற்செயல் ஆகாது. கரி எப்போது கரியாகும் எனின், சாலும்போது. அந்தச் சாலுதலே பின்னர்ச் சான்று எனப் பெயராகிக் கரியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இச்சொற்கள் இடம் மாறியதைக் காட்ட ஒரு வன்னிமரமே போதும். மணத்துக்கு வன்னிமரத்தையும் மடைப்பள்ளியையும் முன்னிறுத்திக் காட்டிய பெண்ணின் செய்தியைச் சிலப்பதிகார வஞ்சினமாலையில் கண்ணகி கூறும்போது ஆளப்படும் சொல் சான்று. அதே கதை திருப்புறம்பயத்துத் தலபுராணமாகவும் திருவிளையாடலாகவும் வளர்ந்தபோது அங்குள்ள இறைவர் பெற்ற பெயர் சாட்சிநாதர். மரம் ஒன்று, கதை ஒன்று. சான்று சென்று சாட்சி வந்தது.

கிறித்தவர் தமிழகத்தில் தம் நெறியை எழுதத் தொடங்கியபோது கையில் கிடைத்த சொல்லும் சாட்சியே. கிரேக்க மொழியில் வழக்கு மன்றச் சாட்சிக்கு உரிய பெயர் மார்த்துஸ். உயிர் கொடுத்தாரை அச்சொல்லால் அழைத்து அழைத்து, இலத்தீனிலும் ஐரோப்பிய மொழிகளிலும் அது உயிர்க்கொடையாளர்க்கே உரிய தனிச்சொல்லாயிற்று. அரபியில் ஷஹீத் என்பதும் இவ்வாறே சாட்சி என்னும் பொருளிலிருந்து வளர்ந்தது. தமிழ் விவிலியத்திலோ கல்லெறியுண்ட ஸ்தேவானும் பெர்கமுவில் கொல்லப்பட்ட அந்திப்பாவும் சாட்சி என்றே நிற்கின்றனர். மன்றத்தில் நிற்பவனுக்கும் மாண்டவனுக்கும் பெயர் ஒன்றே. ஸ்தேவானைப் பற்றிய அவ்விடத்தில் சாட்சியும் இரத்தமும் அடுத்தடுத்து வருவதே சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் ‘இரத்தசாட்சி’ என்னும் தொடருக்கு ஊற்று எனக் கொள்ளலாம். அதே தொடர் மலையாளத்தில் அரசியலில் உயிர் நீத்தார்க்கும் வழங்குகிறது. கத்தோலிக்கர் வழக்கு ‘வேதசாட்சி’. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி நிலைநிறுத்திய வேதம் என்னும் சொல் தென்பாண்டி நாட்டில் கிறித்தவரை வேதக்காரர் என்றும் அவர்தம் ஆலயத்தை வேதக்கோயில் என்றும் அழைக்கும் அளவுக்கு வேரூன்றியது. 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரும் வேதசாட்சியே. பிற்காலத்தில் வேதத்தை மறையாக்கியவர்கள் ‘மறைசாட்சி’ என எழுதினர். பாதியைத் தமிழாக்கி, மறுபாதியை அப்படியே விட்டனர். 1995இன் பொது மொழிபெயர்ப்பிலும் யோவான் நற்செய்தியில் செயல் ‘சான்று பகர்தல்’. திருத்தூதர் பணிகளில் ஆள் ‘சாட்சி’. மொழிபெயர்த்தோர் அறிந்து செய்தனரோ அறியாது செய்தனரோ, செயலுக்குச் சாலுதல் வேண்டும் என்பது அப்பிரிவில் வெளிப்பட்டுவிட்டது.

கண்டதைக் கூறுவதே சாட்சி என்பார் நீலகண்ட பிள்ளையை எவ்வாறு விளக்குவர்? நட்டாலத்தில் 1712இல் பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் அரசுப் பணியில் இருந்த அவர், கால்நடை மடிந்தும் விளைவு கெட்டும் மனம் தளர்ந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராகிவிட்ட டி லெனாய் அவருக்கு எடுத்துரைத்தது யோபுவின் வரலாறு. அதில் வெற்றி பெற்றவன் எவனும் இல்லை. அனைத்தையும் இழந்தும் வாய்மை இழவாதவன் ஒருவன் உண்டு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டபின், எருக்கம்பூ மாலையிட்டு எருமைமேல் பின்னோக்கி அமர்த்தி ஊரூராய்க் கொண்டுசென்றதும், அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தூவியதும் அவர் வரலாற்றில் கூறப்படுகின்றன. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு மிக முன்னரே மக்கள் வாயில் அவர் வேதசாட்சி. அவர் கண்ணால் கண்டு உரைத்த நிகழ்ச்சி ஏதுமில்லை. கேட்ட சொல்லை மூன்றாண்டுத் துன்பத்திலும் குறைக்காமல் வைத்திருந்தார் என்பதே அவர் கூறிய கரி.

வெம்பக்கோட்டையைச் சூழ்ந்த கரிசல் நிலத்துக்கு இச்சொல் வேறொரு வழியில் வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்தரம் பெற்ற தாமஸ் ராக்லண்டு, சி.எம்.எஸ். என்னும் மிஷன் சங்கத்தின் சென்னைச் செயலர் பணியைவிட்டு, 1854இல் வட திருநெல்வேலியில் ஊர் ஊராய்ச் சென்று போதிக்கும் பணியைத் தொடங்கினார். நுரையீரல் நோயோடு, கூடாரமே வீடாக இக்கரிசற்காட்டு ஊர்களில் அலைந்த அவர் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். மனம் மாறியோர் தொகையால் அளந்தால் அவர் பணி மிகச் சிறியது. சிவகாசியை ஒட்டி அம்மிஷனாரின் குடியிருப்பாய் வளர்ந்த ஊரின் பெயர் சாட்சியாபுரம். இதனைச் சத்தியத்தோடு முடிச்சிடுவது ஒலி ஒப்புமையை மட்டும் நம்புவதாகும். சாட்சிபுரம் என்னாமல் ‘யா’ வந்தது ஏன் எனின், இப்பெயரின் முதற்பகுதி சாட்சி அன்று, சாட்சியம். மகரம் கெட்டுச் சாட்சியபுரம் என நின்று, சுப்பிரமணியபுரம் சுப்பிரமணியாபுரம் ஆனதும் கிருஷ்ணபுரம் கிருஷ்ணாபுரம் ஆனதும் போல இந்நாட்டு வழக்கில் நீண்டது. ஆகவே ஊர்ப்பெயர் ஓர் ஆளைச் சுட்டுவதன்று. ஆளின் சொல்லையும் வாழ்வையும் சேர்த்துச் சுட்டுவது.

இவ்வட்டாரச் சபைகளில் இன்று ‘சாட்சி சொல்லுதல்’ என்பது பெரும்பாலும் பெற்ற நன்மையை எண்ணிச் சொல்லுதலாய்ச் சுருங்கிவிட்டது: நோய் நீங்கியது, கடன் தீர்ந்தது, விபத்து நடந்த அன்று வேலைக்குப் போகவில்லை. நன்றி கூறுதல் நல்லதே. ஆயினும் அச்சொல்லின் முழு எடையை அது தாங்காது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் இறந்தனர். அன்று வேலைக்குப் போனவர்களின் வீட்டாரும் இந்நாட்டில் வாழ்கின்றனர். தாயில்பட்டியிலும் ஏழாயிரம்பண்ணையிலும் மருந்து செலுத்தும் அறையிலிருந்து வெளிவருபவரின் கை மணிக்கட்டுவரை அலுமினியப் பொடியால் வெள்ளிச் சாம்பல் நிறமாய் இருக்கும். சோப்பிட்டுக் கழுவியபின்னும் நகக்கண்ணிலும் ரேகைகளிலும் அது தங்கும். அக்கையோடு ஞாயிறு காலை வேதக்கோயிலுக்கு வந்து, கேட்டது கிடைக்காமலும் இழந்தது திரும்பாமலும் அதே சொல்லில் நிற்பவர், சாட்சி நேரத்தில் எழுந்து பேசுவதற்கு ஒன்றும் இல்லாதவராய்க் கருதப்படுகிறார். அவ்வாறு கருதுவது பிழை. அதே ஊரார், ஓர் அறையில் நால்வர்க்கு மேல் அமர்த்தும் குத்தகைக்காரனை ‘மனச்சாட்சி இல்லாதவன்’ என்று சொல்லும்போது சாட்சியின் பழம்பொருளை ஒருவரும் கற்பிக்காமலே சரியாய் ஆள்கின்றனர். மனச்சாட்சி எதையும் கண்ணால் காண்பதில்லை. அறிகிறது, அறிந்ததற்குக் குறையாமல் நடக்கக் கேட்கிறது.

ஆதலின் தமிழ்க் கிறித்தவர் வாயில் சாட்சி என்பது ஒலியால் வடசொல்லாயினும், பொருளால் கரியின் வழித்தோன்றல். 1060ஆம் குறளே அதற்கு மிக அணுக்கமான முன்மாதிரி. சொல்லை மாற்ற விரும்புவார் மறைசாட்சி எனப் பாதியில் நில்லாமல் ‘மறைச்சான்றோன்’ என்றே ஆக்கிக்கொள்ளலாம். காற்றாடிமலையில் வீழ்ந்தவருக்கும் சிவகாசியில் புதைக்கப்பட்டவருக்கும் நகக்கண்ணில் பொடியோடு பாட்டுப்புத்தகம் பிடிப்பவருக்கும் அப்பெயர் ஒருசேரப் பொருந்தும்.