ஆபிரிக்காவும் உதிர்கொம்பும்

தமிழிற் கொம்பு என்பது ஒரே சொல். எருமையின் தலையில் உள்ளதும் கொம்பு. மரையின் தலையில் உள்ளதும் கொம்பு. இயற்கையோ இவ்விரண்டையும் வெவ்வேறு முறையிற் படைத்திருக்கிறது. எருமையின் கொம்பு நடுவே என்பும், அதன்மேல் நகத்தை ஒத்த உறையும் உடையது, கிளை விடாதது, ஒருமுறை முளைத்தால் உயிருள்ளவரை நிற்பது. மரையின் கொம்போ முழுவதும் என்பு. வளரும் பருவத்தில் மெல்லிய மயிர்த்தோல் ஒன்று அதனைப் போர்த்தி இரத்தம் ஊட்டுகிறது. முற்றியதும் அத்தோல் உரிந்துவிடும். இணைசேரும் பருவம் கழிந்தபின் கொம்பே அடியோடு கழன்று விழும். பின்னர் புதியது முளைக்கும். யால, வில்பத்துக் காடுகளிற் கிடக்கக் காணும் மான்கொம்புகள் இவ்வாறு கழன்று வீழ்ந்தவையே. முன்னதை உதிராக் கொம்பு என்றும் பின்னதை உதிர்கொம்பு என்றும் கொண்டால் குழப்பம் நீங்கும். மான் என்னும் சொல்லும் இவ்வாறே இருவகை விலங்கிற்கும் வழங்குகிறது. உதிர்கொம்புடையவற்றை மான் என்றும், உதிராக் கொம்புடையவற்றை இரலை என்றும் இங்கே பிரித்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவைக் கையிற்கொண்டு ஆபிரிக்காவை நோக்கினால் வியப்பொன்று காத்திருக்கிறது. சகாராப் பாலைவனத்தின் தெற்கே அப்பெருங் கண்டம் முழுவதிலும் இயற்கையாய் வாழும் மான் ஒன்றேனும் இல்லை. இரலையினங்களோ எழுபதுக்கு மேற்பட்டவை. முயலளவே உள்ள டிக்டிக் முதல் எருதினும் பெரிய ஈலண்டு வரை எத்தனையோ வடிவங்கள். முறுக்கிய கொம்பு, வளைந்த கொம்பு, ஈட்டிபோல் நீண்ட கொம்பு எனக் கொம்பிலும் எத்தனையோ வகைகள். அவற்றுள் ஒன்றும் உதிர்வதில்லை. இலங்கையோ இதற்கு நேர்மாறு. இங்கே மரையும் புள்ளிமானும் உண்டு. காட்டில் இரலை இல்லை. இந்தியாவில் இரண்டும் உண்டு. ஆபிரிக்காவுக்கு மட்டும் மான் ஏன் கிட்டவில்லை?

வெப்பமே காரணம் என்பாருளர். புள்ளிமான் வாழும் நாட்டில் இருந்துகொண்டு அதனை ஏற்க இயலாது. சிங்கம் முதலிய ஊனுண்ணிகளின் நடுவே, ஆண்டுதோறும் படைக்கலத்தை இழந்து நிற்கும் விலங்கு பிழைக்காது என்பாருமுளர். இந்தியக் காட்டு மான்கள் புலியோடும் சிறுத்தையோடும் செந்நாயோடும் வாழ்ந்து பெருகியிருக்கின்றனவே! ஆண்டுதோறும் புதுக்கொம்பு வளர்க்க மிகுந்த சுண்ணமும் பொசுபரசும் வேண்டும், ஆபிரிக்க மண் அவற்றைத் தராது என்பது மூன்றாவது விடை. இது சிறிது கற்றவர் கூறுவது, ஆயினும் நிலைக்காது. ஐரோப்பியர் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுபோன மான்கள் அங்கே கொம்பு வளர்த்துக் குட்டியீன்று வாழ்கின்றன. 1639ஆம் ஆண்டில், அதாவது காலிக் கோட்டையைக் கைப்பற்றியதற்கு முந்திய ஆண்டில், ஒல்லாந்தர் யாவாவிலிருந்து சில மான்களை ஆபிரிக்காவின் கிழக்கேயுள்ள மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுசென்றனர். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று பல்லாயிரம். ஆகவே குறை நிலத்தில் இல்லை. விடையை வரலாற்றிலேதான் தேடவேண்டும். அதுவும் மனிதர் தோன்றுமுன் நிகழ்ந்த வரலாற்றில்.

ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஆபிரிக்கா கடலாற் பிரிக்கப்பட்டுத் தனித்து நின்றது. பின்னர் அராபியப் பக்கமாக ஆசியாவோடு ஒட்டியது. அந்தத் தரைவழியே யானையின் மூதாதையர் வெளியே சென்றனர். மாட்டினத்தின் மூதாதையர் உள்ளே நுழைந்தனர். மாடு, ஆடு, இரலை யாவும் இவ்வொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்காலத்திலேயே ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உதிர்கொம்பு மான்களும் தோன்றிவிட்டன. ஆயினும் அவை மரநிழலையும் தழையையும் நம்பிய காட்டு விலங்குகள், காடுகளிலேயே தங்கின. கென்யாவின் போர்ட் தேர்னான் என்னுமிடத்தில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் ஆண்டுப் பழைமையான படிவுகளில் மாட்டினத்தின் என்புகள் கிடைத்துள்ளன. 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே சாட் நாட்டுப் பகுதியில் மணற்குன்றுகள் எழுந்துவிட்டன. பாலைவனம் விரியத் தொடங்கியபோது தெற்கே புல்வெளிகளும் விரிந்தன. உயர்ந்த பற்களோடு புல்லை அரைத்துண்ணப் பழகிய இரலைகள் அவற்றிற் பலவாய்ப் பெருகின. பிந்தி வருவோர்க்கு வழியும் கடினம். வந்தாலும் பந்தியில் இடமில்லை.

இவ்விளக்கத்திற்குத் தென்னமெரிக்கா நல்ல சான்று. பனாமா நிலவிணைப்பு ஏற்பட்டபின், சில இலட்சம் ஆண்டுகளுள் மான்கள் அங்கே சென்றன. இரலைகளோ அங்கு சென்றதில்லை. சதுப்புநிலம், புல்வெளி, மலைச்சாரல் என எங்கும் மான்களே பரவி, பல இனங்களாயின. யார் முந்தினரோ அவரிடம் நிலம் சேர்ந்தது.

ஆராய்ச்சியாளரே ஒருமுறை மயங்கியதுண்டு. விக்ரோரியா ஏரியிலுள்ள மபோகோத் தீவில், கிளைவிட்ட கொம்போடு கூடிய பழைய என்புகள் அகப்பட்டன. 1936இல் மக்கின்னசு என்பார் அவற்றை ஆபிரிக்க மான் என அறிவித்தார். பின்வந்தோர் ஆராய்ந்தபோது அக்கொம்பு உதிராதது என்பது தெளிவாயிற்று. அவ்விலங்கு மானன்று, ஒட்டகச்சிவிங்கியின் உறவு!

இனி வடகரை. சகாராவின் வடக்கே, மத்தியதரைக் கடலோரத்திலுள்ள அத்திலசு மலைநாடு, காடுகளாலும் மழையாலும் ஐரோப்பாவையே ஒத்தது. இங்கே செய்தி வேறு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எரோதோத்தசு, லிபியாவில் மான் இல்லை என எழுதினார். ஆபிரிக்காவையே கிரேக்கர் லிபியா என்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினியும், மான் பிறவாத நாடு ஏறக்குறைய ஆபிரிக்கா ஒன்றே என்றார். ஆனால் இவருக்கு முற்பட்ட உரோமக் கவிஞர் வெர்ஜில், தம் காவியத் தலைவன் கார்த்தேசுக் கரையில் ஏழு மான்களை அம்பெய்து வீழ்த்தியதாகப் பாடியிருக்கிறார். பிளினியை நம்பினால் வெர்ஜில் பொய்யர். உண்மையில் இவ்விடயத்தில் அறிஞரைக் கவிஞர் வென்றார். கார்த்தேசு இருந்த இன்றைய தூனிசியாவில் மான் இன்றும் உண்டு.

அது பார்பரி மான். ஐரோப்பியச் செம்மானின் இனம். கோர்சிக்கா, சார்தீனியாத் தீவுகளின் மானுக்கு நெருங்கிய உறவு. அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பட்டது 1833இல். அதே கரையில், அகன்ற கொம்புடைய வேறொரு பெருமானும் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்து மறைந்தது. எஞ்சிய பார்பரி மானும் அல்ஜீரிய, தூனிசிய எல்லையிலுள்ள தக்கை மரக்காடுகளில் ஒதுங்கியது. வேட்டையும் காடழிவும் அதனைக் குறைத்தன. அல்ஜீரிய விடுதலைப் போரில், 1957ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் படையினர் அவ்வெல்லை நெடுக மின்வேலியும் கண்ணிவெடியும் இட்டபோது, ஆபிரிக்காவின் உதிர்கொம்பு முழுவதும் போர்க்களத்தின் இருமருங்கிலும் நின்றது எனலாம். போர் 1962இல் ஓய்ந்தது. பின்னர் தூனிசியா தன் பக்கத்து மான்களைக் காவலுக்குட்படுத்தியது. 1990இல் எல்பேசாத் தேசியப் பூங்கா அமைந்தது. மான்கள் முற்றாய் அழிந்துபோயிருந்த மொறொக்கோவுக்கு, 1990களில் தூனிசியாவிலிருந்தே சில மான்கள் கொண்டுசெல்லப்பட்டன. தாசேக்கா மலைக்காட்டில் அவை ஈன்று பெருகத் தொடங்கின.